நிராகரிக்கப்பட்டது ஓவியமா, அதன் போட்டோவா: ஒரு நிகழ்வு ஆய்வு

மூன்று கலைஞர்கள், வெப்சைட் வேலை தெரிந்த ஓர் ஆள். அந்த ஆள் நான். ஓவியம் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம், இணையம் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது கொஞ்சம், சரி, கணக்கு நேராகிவிட்டது என்று வாரம் ஒருமுறை உட்கார ஆரம்பித்தோம். ஓராண்டுக்கு மேல் ஓடிய அந்தச் சந்திப்புகளில் நடந்ததை வரிசையாக எழுதியிருக்கிறேன். மூவரும் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டதுதான் இது. பெயர் வேண்டாம் என்றார்கள், அதனால் இல்லை. இதே நிலையில் இருக்கும் கலைஞர்களுக்கும், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கணினி சொல்லித்தரும் பிள்ளைகள், நண்பர்களுக்கும் உதவலாம்.

பின்னணி

ஓவியர் ஐம்பதுகளில் இருக்கும் பெண். எண்ணெய் வண்ணம், ஆள் உயரக் கேன்வாஸ், கருநீலமும் கரும்பச்சையும் அடர்ந்த பரப்பு, கத்தியால் அப்பிய தடித்த பூச்சு. முன்பு ஒரு கேலரி அவர் படைப்புகளைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தது. விற்ற தொகையில் பாதி கேலரிக்கு, பாதி அவருக்கு. கலை வணிகத்தில் பரவலாக உள்ள ஏற்பாடுதான். பாதி போகிறதே என்று அப்போது குறைபட்டிருக்கிறார். கேலரி மூடியபிறகுதான் அந்தப் பாதிக்கு என்னவெல்லாம் நடந்துகொண்டிருந்தது என்று தெரிந்திருக்கிறது: படைப்புகளைப் போட்டோ எடுப்பது, பட்டியல் போடுவது, வாங்க வருகிறவர்களோடு பேசுவது, எல்லாவற்றுக்கும் மேலாக, யாராவது "வேண்டாம்" என்றால் அது இவர் காதுக்கு வராமல் பார்த்துக்கொள்வது.

அப்புறம் சில ஆண்டுகள் ஓப்பன் கால் எனப்படும் திறந்த அழைப்புகளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். நடுவர் குழு தேர்ந்தெடுக்கும் கண்காட்சிகள், ரெசிடென்சி (ஓரிடத்தில் தங்கி வேலைசெய்யும் வாய்ப்பு), உதவித்தொகை என்று கண்ணில் பட்டதெல்லாம். பெரும்பாலும் ஒரே மாதிரி பதில்: இம்முறை மிக அதிக விண்ணப்பங்கள் வந்தன, தேர்வு கடினமாக இருந்தது, தொடர்ந்து முயலுங்கள். இதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட முடிவு, தன் வேலை காலாவதியாகிவிட்டது, இன்ஸ்டாகிராம் தெரிந்த இளையவர்களுக்குத்தான் இனி இடம் என்பது. எங்களிடம் வந்தபோது கேட்டதும் அதைத்தான்: "இன்ஸ்டாகிராம் கத்துக்குடுங்க, அது போதும்."

இரண்டாமவர் மரச்செதுக்கு அச்சுக் கலைஞர், முப்பதைத் தொடாதவர், இன்ஸ்டாகிராம் ஏற்கெனவே தண்ணீர்பட்ட பாடு. மூன்றாமவர் சிற்பி, மூவரில் மூத்தவர், கூட்டத்துக்கு வந்த காரணத்தை அவரே சரியாகச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் ஓவியரைப் பற்றியது, ஏனென்றால் அவரிடம்தான் இரண்டு சிக்கலும், அதாவது இணையம் தெரியாததும் நிராகரிப்பைத் தாங்க முடியாததும், ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

முதல் வாரங்களில் கண்டது

இன்ஸ்டாகிராம் இருக்கட்டும், இதுவரை அனுப்பிய விண்ணப்பங்களைக் காட்டுங்கள் என்று கேட்டேன். தயங்கித்தான் காட்டினார். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தைத் திரும்பத் திறந்து பார்ப்பது அவருக்கு யாரோ கன்னத்தில் அறைந்த இடத்தைக் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இருந்திருக்கிறது, ஆகவே ஒன்றைக்கூட அனுப்பிய பிறகு திறந்ததில்லை.

திறந்ததும் முதலில் தெரிந்தது போட்டோக்கள். ஸ்டுடியோவில் ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், மேலே மஞ்சள் பல்பு, இரண்டும் கலந்து கேன்வாஸின் இடது பாதி நீலமாகவும் வலது பாதி பழுப்பாகவும் இருந்தது. தடித்த பூச்சின் மேடுகளில் எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பளபளப்பு. கேமராவைக் கீழிருந்து சாய்த்து எடுத்ததால் செவ்வகம் சரிவகமாகியிருந்தது. நேரில் பார்த்தால் ஒரு இருண்ட குளத்தின் ஆழம் தெரிகிற ஓவியம், திரையில் ஈரமான தார்ப்பாய் போலக் கிடந்தது என்றால் அது மிகையில்லை, அவரே பிறகு அப்படித்தான் சொன்னார்.

அடுத்தது கொஞ்சம் நுட்பமான விஷயம். கேமராவை வாங்கித் தந்தவர் அதில் நிறவெளியை, அதாவது படம் எந்தெந்த நிறங்களைக் காட்டலாம் என்ற வரம்பை, அடோப் ஆர்ஜிபி என்று வைத்துக் கொடுத்திருக்கிறார், அதுதான் உயர்ந்தது என்று. அச்சுக்கு அது நல்லதுதான், இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபியைவிட அகன்ற நிறவெளி. ஆனால் விண்ணப்பத் தளங்களில் ஏற்றும்போது படம் சுருக்கப்பட்டு, அதோடு ஒட்டியிருக்கும் எந்த நிறவெளி என்று சொல்லும் ப்ரொஃபைல் தகவல் கழன்றுபோவது உண்டு. அப்படிப் போனால் பிரவுசர் அந்த எண்களை எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும், நிறங்கள் சோகை பிடித்த மாதிரி வெளிறிவிடும். இவருடைய கரும்பச்சை சாம்பலாகியிருந்தது இப்படித்தான்.

அப்புறம் வெப்சைட். "எனக்கு வெப்சைட் எல்லாம் இருக்கு" என்றார், தன்விவரக் குறிப்பிலும் முகவரி இருந்தது. திறந்தால் சூதாட்ட விளம்பரம். பல வருடங்களுக்கு முன் தெரிந்தவர் ஒருவர் தன் மெயிலில், தன் கணக்கில் டொமைன் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்) வாங்கி அமைத்துக் கொடுத்திருக்கிறார், பிறகு தொடர்பு விட்டுப்போனது, புதுப்பிக்கும் நினைவூட்டல்கள் எல்லாம் அந்தத் தெரிந்தவரின் மெயிலுக்கே போயிருக்கின்றன. டாட் காம் போன்ற டொமைன்கள் காலாவதியாகி நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் இருக்கிறது, அதற்குள் பதிவுசெய்தவர் கேட்டால் கூடுதல் கட்டணத்துக்குத் திரும்பக் கிடைக்கும். கேட்க யாருமில்லை. யாரோ எடுத்து விளம்பரம் போட்டுவிட்டார்கள். இந்த முகவரியைத் தாங்கிக்கொண்டுதான் அவ்வளவு விண்ணப்பங்களும் போயிருக்கின்றன. ஒரு நடுவர் சொடுக்கிப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்பதை யோசித்து அன்று யாரும் அதிகம் பேசவில்லை.

இன்னொன்று, எங்கே அனுப்புகிறோம் என்ற தெரிவே இல்லை. பாதிக்கு மேற்பட்ட அழைப்புகள் அவருக்கானவையே அல்ல. சில, கலைவாழ்வின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு. சில, வீடியோ, நிறுவல் கலை மட்டும். ஒன்றில் கேன்வாஸின் உச்ச அளவு அவர் வரைகிறதில் பாதிதான். இவை நிராகரிப்பே இல்லை, தகுதி நிபந்தனையிலேயே கழிந்துபோனவை. ஆனால் மனசில் எல்லாமே ஒரே கணக்கில் ஏறியிருந்தன.

கடைசியாக, முடிவு வரும் நாளின் பழக்கம். மெயில் பெரும்பாலும் இரவில் போனில் தெரியும். உடனே படிப்பார். படித்ததும் தேர்வானவர்களின் பட்டியலைத் தேடி, ஒவ்வொருவர் பக்கத்துக்கும் போய், ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்த்து, விடியும் வரை ஸ்க்ரோல் செய்வார். அப்புறம் சில வாரங்கள் தூரிகையைத் தொடமாட்டார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, இன்ஸ்டாகிராமைத் தள்ளிவைப்பது. இதில் ஓவியருக்கு என்மேல் வருத்தம்தான். காரணம் இரண்டு. முதலாவது, அங்கே ஏற்ற நல்ல படம் இல்லை, இருக்கிற படத்தை ஏற்றினால் விண்ணப்பத்தில் நடந்ததே பெரிய அளவில் நடக்கும். இரண்டாவது, நடுவர் குழுவின் தீர்ப்பு மாதத்துக்கு ஒன்று வந்தாலே முடங்கிப்போகிறவரை, மணிக்கு ஒரு தீர்ப்பு எண்ணாக வரும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது சரியாகப் படவில்லை. கேலரிகள் மூடும் கதவை இணையம் திறந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் இணையம் இன்னொரு கதவு, அதுவும் மூடும், மூடும்போது கடிதம்கூட வராது.

தவிர, தளங்கள் நம் கையில் இல்லை. இலவசமாக வெப்சைட் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009-ல் போனது, குறுவீடியோத் தளமான வைன் 2017-ல், கூகுளின் சமூக ஊடகமான கூகுள் பிளஸ் 2019-ல். இன்ஸ்டாகிராம் நேர வரிசையை விட்டு, யாருக்கு எதைக் காட்டுவது என்று தளமே தீர்மானிக்கும் அல்காரிதம் வரிசைக்கு மாறியது 2016-ல், அதற்கு முன் கட்டிய கூட்டத்தில் பாதிப்பேருக்குப் படமே போய்ச் சேரவில்லை என்று அச்சுக் கலைஞரின் ஆசிரியர்கள் இன்னும் புலம்புகிறார்களாம். ஆகவே வரிசை இப்படி: போட்டோ, கோப்புகள், சொந்த டொமைனில் ஒரு தளம், மெயிலிங் லிஸ்ட், கடைசியாக சமூக ஊடகம்.

இரண்டாவது முடிவு, நான் மௌஸைத் தொடமாட்டேன். மாணவர் கேன்வாஸில் ஆசிரியர் தூரிகை வைத்தால் படம் அழகாகும், மாணவருக்கு ஒன்றும் வராது என்று ஓவியர்தான் முன்பு ஒருமுறை சொல்லியிருந்தார், அதையே திருப்பிச் சொன்னேன். முப்பது வருடம் ஒரு தொழிலில் கை தேர்ந்தவர் ஃபோல்டர் எங்கே போனது என்று தேடிக்கொண்டு உட்கார்வதில் ஒரு கூச்சம் இருக்கிறது, அதைக் கேலியாக்கிவிடக் கூடாது. அவசரப்பட்டு மௌஸை வாங்கி நானே செய்து கொடுத்தால் அந்தப் பழைய டொமைன் கதைதான் மறுபடியும். தாமதமானது. ஒரு படத்தின் அளவை மாற்றக் கற்றதற்கே ஒரு முழு சந்திப்பு போனது. குறிப்புகளை என் வார்த்தையில் எழுதித் தரவில்லை, அவரே நோட்டில் எழுதினார், "ஏற்றுவதற்கு முன் நிறத்தை சின்ன வெளிக்கு மாற்று" என்கிற மாதிரி. அவருக்குப் புரிகிறது, போதும்.

போட்டோ எடுப்பதில் அவர் வேகமாகப் பிடித்துக்கொண்டார், வெளிச்சம் அவருடைய விஷயம் ஆயிற்றே. ஜன்னலை மூடி, ஒரே வகை விளக்குகள் இரண்டு, இருபக்கமும் 45 பாகையில். கேமரா ஸ்டாண்டில், கேன்வாஸின் நடு உயரத்துக்கு நேராக, பரப்புக்கு இணையாக. நிறத்தைச் சரிசெய்ய சாம்பல் அட்டையோடு ஒரு படம். பளபளப்பு அப்போதும் போகவில்லை, எண்ணெய் வண்ணத்தில் அது பெரிய தலைவலி. விளக்குகளின் முன், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசிங் ஃபிலிம், லென்ஸில் அதற்குக் குறுக்காகத் திருப்பிய போலரைசர் என்று வைத்தபோது பளபளப்பு முழுவதும் போய்விட்டது, ஆனால் பூச்சின் மேடுபள்ளமும் சேர்ந்து போய் அச்சடித்த காகிதம் போல ஆனது. அதைப் பார்த்து, "இது பொய்" என்றார். போலரைசரைக் கொஞ்சம் திருப்பி, சிறு மினுக்கம் மட்டும் தங்கும்படி வைத்தார். முழுப் படத்தோடு, பக்கவாட்டு வெளிச்சத்தில் பூச்சு தெரிகிற நெருக்கப் படம் ஒன்றும் ஒவ்வொரு ஓவியத்துக்கும் எடுப்பது என்பதும் அவர் முடிவுதான். எனக்கு அது தோன்றியிருக்காது.

கோப்புகளுக்கு எளிய ஒழுங்கு: கேமராவின் மூலக் கோப்பான ரா அப்படியே இருக்கும், திருத்தியது தரம் குறையாமல் டிஃப் வடிவில், அதிலிருந்து இணையத்தில் ஏற்ற எஸ்ஆர்ஜிபி ஜேபெக், நீண்ட பக்கம் 2000 பிக்சல். கோப்பின் பெயரில் ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு. மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சேமிப்பில், ஒன்று வீட்டுக்கு வெளியே.

தளம் மிக எளிமையானது. ஒவ்வொரு ஓவியத்துக்கும் தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு, பார்வையற்றவர்களின் திரைவாசிப்பு மென்பொருளுக்காக ஆல்ட் டெக்ஸ்ட், தொடர்புகொள்ள மெயில். ஆல்ட் டெக்ஸ்ட் எழுதுவதில் எதிர்பாராத ஒரு நன்மை. படத்தைப் பார்க்காதவருக்குப் படத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரியில் சொல்லவேண்டி வந்தபோது, தன் கலையைப் பற்றி அவர் எழுதிவைத்திருந்த ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மெண்டில் இருந்த "இருத்தலின் எல்லையற்ற விளிம்புகள்" வகைச் சொற்கள் தாமாக உதிர்ந்தன. குளம், பாசி, தண்ணீருக்குள் தெரியும் படிக்கட்டு என்று எழுத ஆரம்பித்தார். கலை உலகம் இந்த மேகமொழியை விரும்புகிறது என்ற எண்ணம் விண்ணப்பிக்கிறவர்களிடம் எப்படியோ தொற்றிக்கொண்டிருக்கிறது. நான் பேசிப் பார்த்த ஒரு நடுவர்கூட அதை விரும்பிப் படிப்பதாகச் சொல்லவில்லை.

நிராகரிப்பைப் பொறுத்தவரை எடுத்த முடிவுகள் சாதாரணமானவை. முடிவு மெயில்கள் தனி ஃபோல்டருக்குப் போகும்படி ஃபில்டர். அதைச் சந்திப்பு நாளில், எல்லோரும் இருக்கும்போது மட்டும் திறப்பது. ஒரு அட்டவணை: எங்கே, ஏன் இந்த இடம், எந்தப் படங்கள், முடிவு, முடிவுக்குப் பிறகு என்ன செய்தேன். "ஏன் இந்த இடம்" என்ற கட்டத்துக்கு ஒரு வரிகூட எழுத முடியவில்லை என்றால் அனுப்புவதில்லை. காரணம் கேட்டு மன்றாடி யாருக்கும் எழுதுவதில்லை, கருத்துச் சொல்வதாக ஏற்பாட்டாளர்களே அறிவித்திருந்தால் மட்டும் ஒரே ஒரு மெயில்.

ஆறுதல் சொல்வது பற்றியும் ஒரு சின்ன சண்டை நடந்தது. அச்சுக் கலைஞர், பிரெஞ்சு ஓவியர் மானே பற்றிய வழக்கமான கதையை எடுத்தார்: "அக்கா, 1863-ல பாரிஸ்ல மானேயவே வேண்டாம்னு சொன்னாங்க." உண்மைதான், அந்த ஆண்டு அதிகாரபூர்வக் கண்காட்சியின் நடுவர்கள் ஒதுக்கித் தள்ளியது அதிகம் என்று எழுந்த கூச்சலில் மூன்றாம் நெப்போலியன் ஒதுக்கப்பட்டவர்களுக்கே தனிக் கண்காட்சி வைக்கச் சொன்னார். ஆனால் அங்கே தொங்கியவர்களில் பெரும்பாலோர் பெயர் இன்று யாருக்கும் தெரியாது, ஒதுக்கப்பட்டதாலேயே யாரும் மானே ஆகிவிடவில்லை. சிற்பி வேறொன்றைச் சொன்னார். 1873 டிசம்பரில் மோனே, பிசாரோ, தெகா முதலான ஓவியர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் பதிவுசெய்தார்கள், 1874 ஏப்ரலில் நாதார் என்ற புகைப்படக்காரரின் பழைய ஸ்டுடியோவில் சுமார் 30 பேர் சேர்ந்து காட்சி வைத்தார்கள், அந்த ஆண்டு முடிவதற்குள் கடனோடு சங்கம் கலைக்கப்பட்டது. "அப்புறமும் காட்சி வச்சாங்க. அதத்தான் பாக்கணும்" என்றார். எனக்கும் அதுதான் நேர்மையான ஆறுதலாகப் பட்டது.

அப்புறம் நடந்தது

நல்ல படங்களோடு அனுப்பிய முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இது முந்தையவற்றைவிட மோசமாக இருந்தது. காரணம் சொல்ல ஒன்றுமில்லை இப்போது. போட்டோ சரி, தளம் சரி, பொருந்துகிற இடம்தான், ஆனாலும் வேண்டாம் என்கிறார்கள். "மோசமான போட்டோ இருந்தவரைக்கும் ஒரு சாக்காவது இருந்துச்சு" என்றார். அன்று பாடம் எதுவும் நடக்கவில்லை. சிற்பி அவரோடு ஸ்டுடியோவுக்குப் போய், பேசாமல் ஒரு மூலையில் உட்கார்ந்து எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாராம். அடுத்த வாரம் அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் "மறுநாள் வரைந்தேன்" என்று இருந்தது. அதற்கு முன்பு அந்தக் கட்டத்தில் எழுதியிருந்ததெல்லாம் "ஒன்றும் செய்யவில்லை".

அதிலிருந்து சில மாதங்களில் நடுவர் குழுக் கண்காட்சி ஒன்றில் ஓர் ஓவியம் தேர்வானது. சின்ன கண்காட்சி. பெரிய திருப்பம் என்று சொல்ல மாட்டேன், அதற்கு முன்னும் பின்னும் நிராகரிப்புகள் இருந்தன. ஆனால் தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர் திறப்பு நாளில் அவரிடம், நெருக்கப் படத்தைப் பார்த்துத்தான் அந்த ஓவியத்திடம் திரும்ப வந்ததாகச் சொல்லியிருக்கிறார். ஓவியரே வலியுறுத்தி எடுத்த அந்த நெருக்கப் படம்.

தளம் வந்ததும் வேறொரு தொல்லை ஆரம்பித்தது. ஒரு மெயில்: திருமண நாளுக்கு மனைவிக்குப் பரிசளிக்க வேண்டும், அவள் உங்கள் வேலைகளை ரசித்துப் பார்ப்பதைக் கவனித்தேன், உடனே வாங்க விரும்புகிறேன். ஓவியர் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் எங்களிடம் காட்டினார். கலைஞர்களைக் குறிவைக்கும் மிகப் பழைய மோசடி இது. கேட்ட விலையைவிட அதிகத் தொகைக்குக் காசோலை வரும், மிச்சத்தைத் "தன்னுடைய" சரக்கு அனுப்பும் ஆளுக்கு மாற்றிவிடச் சொல்வார்கள், சில நாள் கழித்துக் காசோலை போலி என்று வங்கி பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், அனுப்பிய மிச்சம் போனது போனதுதான். மெயிலின் ஒரு வரியைத் தேடுபொறியில் ஒட்டிப் பார்த்தோம், அதே வாசகங்கள் வேறு பல கலைஞர்களுக்கும் வந்திருந்தன. எந்த ஓவியம் என்ற பெயரே அந்த மெயிலில் இல்லை என்பதை அவரே கண்டுபிடித்தார்.

பணம் போகவில்லை. ஆனால் எந்த நிராகரிப்பும் செய்யாததை அந்த மெயில் செய்தது, இரண்டு மாதம் மெயில் பெட்டியையே திறக்கவில்லை. பொய்யான ஏற்பு உண்மையான மறுப்பைவிட ஆழமாக வெட்டுகிறது. இதை நாங்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தோம், பாடத்தில் இருந்தது, இருந்தும் நீண்ட காலம் காத்திருக்கிறவருக்கு "வாங்க விரும்புகிறேன்" என்ற வரியைப் பார்த்ததும் பாடமெல்லாம் ஞாபகம் வராது. அதன்பிறகு ஒரு விதி: பாராட்டு மெயில்களும் அதே தனி ஃபோல்டருக்கு, அவையும் சந்திப்பு நாளில்தான். "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், சுவருக்கான கட்டணத்தை அனுப்புங்கள்" என்று வரும் கேலரி மெயில்களும் இதில் சிக்கின. விண்ணப்பக் கட்டணம் என்பது பரவலாக உள்ளது, அதனாலேயே மோசடி ஆகாது. விண்ணப்பிக்காத இடத்தில் தேர்வாகி, தேர்வான பிறகு பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

உண்மையான விற்பனை வந்தது மெயிலிங் லிஸ்ட் வழியாக. பழைய கேலரி நாட்களில் வாங்கியவர்கள், கண்காட்சியில் பெயர் எழுதிக்கொடுத்தவர்கள் என்று சிறிய பட்டியல், ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சேர்த்தது, விலகிக்கொள்ள லிங்க் உண்டு. புதிய ஓவியம் முடிந்தால் ஒரு படம், நான்கு வரி. முன்பு வாங்கியவர் ஒருவர், இவர் வரைவதை நிறுத்திவிட்டதாக இத்தனை வருடம் நினைத்திருந்தேன் என்று பதில் எழுதி, இன்னொன்று வாங்கினார். கலை உலகம் தன்னை ஒதுக்கிவிட்டது என்று இவர் நம்பிக்கொண்டிருந்த அதே வருடங்களில் அந்த மனிதருக்கு இவரை எங்கே தேடுவது என்றே தெரியவில்லை. பழைய முகவரிக்குப் போனால் சூதாட்ட விளம்பரம்.

மற்ற இருவர்

அச்சுக் கலைஞரின் சிக்கல் நேர் எதிர். காகிதத்தை மரக்கட்டையிலிருந்து மெல்ல உரித்தெடுக்கும் ரீல் ஒன்று எங்கேயோ போய்ப் பிடித்துக்கொண்டது, ஃபாலோயர்கள் கொட்டினார்கள். அச்சு கேட்டு ஒருவரும் வரவில்லை. வந்த கூட்டம் உரிப்பதைப் பார்க்க வந்த கூட்டம். அடுத்தடுத்த ரீல்களுக்கு எண்ணிக்கை இறங்கியபோது, உரிக்கும்போது நன்றாகத் தெரியும் வடிவங்களாகத் தேடிச் செதுக்க ஆரம்பித்தார், நுண்ணிய கோடுகள் காணாமல் போயின. இதை முதலில் கவனித்துச் சொன்னது ஓவியர்தான், அதுவும் நாசூக்காக இல்லை. 2021-லிருந்து இன்ஸ்டாகிராமில் லைக் எண்ணிக்கையை மறைத்துக்கொள்ளலாம், அதைச் செய்தார், போனிலிருந்து செயலியை எடுத்துவிட்டு வாரத்துக்கு ஒருமுறை கணினியில் மட்டும் ஏற்றினார். எண்ணிக்கை இன்னும் குறைந்தது. மொத்தம் எத்தனையில் இது எத்தனையாவது என்ற பதிப்பு எண்ணோடு கூடிய அச்சுகளைச் சொந்தத் தளத்தில் வைத்திருக்கிறார், மெதுவாகப் போகின்றன. மனம் ஆறிவிட்டதா என்றால் இல்லை, இன்னும் சில இரவுகளில் உள்ளே போய் எண்ணிப் பார்க்கிறேன் என்கிறார்.

சிற்பி பாதியில் விலகினார். சிலையைச் சுற்றி நடக்காமல் அதைப் பார்க்க முடியாது, படத்தைப் பார்த்து வருகிறவர் எனக்கு வேண்டாம் என்றார். வாதம் செய்ய எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவருக்கு ஸ்டுடியோவுக்கு நேரில் வருகிறவர்கள் மூலம் வேலை வந்துகொண்டுதான் இருக்கிறது. எல்லாக் கலைஞரும் இணையத்தில் இருந்தே ஆகவேண்டும் என்று சொல்லித்தருகிறவர்கள், யாருக்கு அது தேவையில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டார்: ஒவ்வொரு சிலைக்கும் நான்கு பக்கமும் படம், அளவு, பொருள், யாரிடம் இருக்கிறது என்ற குறிப்பு. வெளியே காட்ட இல்லை, ஆவணத்துக்கு.

அடுத்த முறை வேறுமாதிரி

போட்டோவிலிருந்தே தொடங்கலாம். தளம், டொமைன் எல்லாவற்றையும்விட அதுவே கலைஞருக்குப் பழக்கமான நிலத்துக்கு அருகில் இருக்கிறது, அங்கே கை ஓடினால் மற்றவற்றில் கூச்சம் குறைகிறது. பழைய விண்ணப்பங்களைத் திறப்பதை அதற்குப் பின்னால் வைத்திருந்தால் ஓவியருக்கு முதல் வாரங்கள் அவ்வளவு கனமாக இருந்திருக்காது.

மூவரையும் ஒரே பாடத்தில் உட்காரவைத்ததில் பயன் கலந்துதான் இருந்தது. நுட்பப் பாடங்களைத் தனித்தனியாகவும், மெயில் திறக்கும் நேரத்தைச் சேர்ந்தும் வைக்கலாம். சேர்ந்து திறப்பதுதான் இந்த ஓராண்டில் உண்மையில் வேலை செய்தது, அதற்கு இணைய அறிவே தேவையில்லை என்பது வேறு விஷயம்.

மோசடி மெயில் ஒன்றை முன்கூட்டியே, இது மோசடி என்று சொல்லாமல், எல்லோரும் சேர்ந்து படித்துப் பார்க்கும் பயிற்சியாக வைக்க வேண்டும். பட்டியலாகச் சொன்னால் நிற்காது.

டொமைன் கணக்கில் கவனிக்க ஒன்று உண்டு, பலர் விட்டுவிடுகிறார்கள். பதிவுக் கணக்குக்கு அந்த டொமைனிலேயே உள்ள மெயில் முகவரியைக் கொடுக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் நின்றுவிடும், மீட்கச் சொல்லி வரும் கடிதம் யாருக்கும் வராது. ஓவியரின் புதிய டொமைன் அவர் பெயரில், வேறொரு மெயிலில், தானாகப் புதுப்பிக்கும்படி இருக்கிறது. பாஸ்வேர்டும் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான மீட்புக் குறியீடுகளும் காகிதத்தில் எழுதி இரண்டு உறைகளில் உள்ளன, ஒன்று ஸ்டுடியோவில், மற்றொன்று அவர் மகளிடம். சிற்பியின் ஆவணப் பட்டியலுக்கு இப்படி இரண்டாவது பிரதி இன்னும் இல்லை, அதை யாரிடம் கொடுப்பது என்று யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.